கடற்கரை வீட்டுக்கு ஒரு புத்தக அலமாரி: வல்லத்துப் பலகையும் பனங்கையும்

தங்கச்சிமடம்_வாசகி
ஏப்ரல் 19

எல்லோருக்கும் வணக்கம். வீட்டில் 300 புத்தகம் இருக்கிறது. பெரும்பாலும் தமிழ் நாவல், சிறுகதை, பிள்ளைகளின் கதைப் புத்தகம், அப்புறம் போட்டித் தேர்வுக்கு வாங்கிய கனமான புத்தகங்கள் கொஞ்சம். இவ்வளவு நாளும் அட்டைப்பெட்டியில் போட்டுக் கட்டிலுக்கு அடியில்தான் வைத்திருந்தேன். போன ஐப்பசி மழையில் அடிப்பெட்டிக்குக் கறையான் ஏறி 11 புத்தகம் போய்விட்டது. அதில் இரண்டு இனி எங்கும் கிடைக்காது. அன்றைக்கே அலமாரி செய்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

புது மரமோ பிளைவுட்டோ வாங்க மனமில்லை, கையில் காசும் இல்லை. ஆனால் வீட்டில் இரண்டு பொருள் சும்மா கிடக்கிறது. ஒன்று, அப்பாவின் வல்லம். 26 வருடம் கடலுக்குப் போன வல்லம், இரண்டு வருடமாகப் பனைமர நிழலில் கவிழ்ந்து கிடந்தது. தை மாதம் அப்பாவே “பிரிச்சுரலாம்மா” என்று சொல்லிவிட்டார். பலகையெல்லாம் கொல்லையில் அடுக்கியிருக்கிறது. இன்னொன்று, அப்பத்தா வீட்டை இடித்தபோது கூரையிலிருந்து இறக்கிய பனங்கை, அதாவது பனைமரச் சட்டம், 14 இருக்கிறது.

நான் போட்ட படம் 6 அடி அகலம், 3 தட்டு, சுவரோடு ஒட்டிய அலமாரி. திருகு, பசை, மெருகு எல்லாவற்றுக்கும் சேர்த்து 3000 ரூபாய் வரை செலவு செய்யலாம். வல்லத்துப் பலகை இதற்கு ஆகுமா? ஆகாதென்றால் அதையும் நேராகச் சொல்லிவிடுங்கள்.

மண்டபம்_தச்சுப்பட்டறை
ஏப்ரல் 19

ஆகும். ஆனால் 6 அடித் தட்டு வேண்டாம். பலகை என்ன மரம், எவ்வளவு கனம், எவ்வளவு வளைவு என்று அளந்து போடுங்கள். என் அப்பாவிடம் சொல்லி நான் எழுதுகிறேன். அவருக்கு 40 வருடம் படகு வேலைதான். ஒரு சங்கதி, இப்போது தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாளும் விசைப்படகெல்லாம் கரையில் நிற்கும், தச்சர்களுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. பதில் தாமதமானால் கோபிக்க வேண்டாம்.

உச்சிப்புளி_வாத்தியார்
ஏப்ரல் 20

6 அடி ஏன் வேண்டாம் என்பதைக் கணக்கோடு சொல்கிறேன். நான் பள்ளியில் இயற்பியல் நடத்துகிறேன்.

புத்தகம் பார்க்கத்தான் லேசு. நெருக்கி அடுக்கினால் ஒரு மீட்டர் தட்டுக்கு 20 முதல் 30 கிலோ வரும். இரண்டு முனையிலும் தாங்கல் வைத்த பலகை மேல் ஒரே சீராகச் சுமை ஏறினால், நடுவில் அது தொய்யும் அளவு நீளத்தின் நான்காம் அடுக்குக்கு ஏற்பக் கூடும். அதாவது நீளத்தை இரண்டு மடங்காக்கினால் தொய்வு 16 மடங்கு. 3 அடித் தட்டை 2 அடியாகக் குறைத்தாலே தொய்வு ஐந்தில் ஒரு பங்குக்கு இறங்கிவிடும். கனம் வேறு விதமாக உதவும். பலகையின் கனத்தை இரட்டித்தால் தொய்வு எட்டில் ஒரு பங்கு. முக்கால் அங்குலப் பலகைக்குப் பதில் ஒரு அங்குலம் போட்டாலும் பாதிக்கு மேல் குறையும்.

மரத்துக்கு இன்னொரு குணமும் உண்டு. இன்று கால் அங்குலம் தொய்ந்தது அதே சுமை அப்படியே இருந்தாலும் வருடம் போகப்போக இன்னும் தொய்யும். ஆகையால் தொடக்கத்திலேயே கணிசமாகக் குறைத்துவிட வேண்டும். முன்விளிம்புக்குக் கீழே ஒன்றரை அங்குல ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்) ஒன்றைச் செங்குத்தாகப் பிடிக்க வைத்தால் தட்டு நன்றாக விறைக்கும்.

தங்கச்சிமடம்_வாசகி
ஏப்ரல் 21

அளந்துவிட்டேன். பலகை அயினி மரம் என்கிறார் அப்பா. வங்கு, அதாவது உள்ளே விலா எலும்பு மாதிரி வளைந்திருக்கும் சட்டம், அது மட்டும் நாட்டுக் கருவேலம். பலகை முக்காலிலிருந்து ஒன்றேகால் அங்குலம் வரை கனம். எல்லாம் வளைவுதான். 8 அடிப் பலகையைத் தரையில் வைத்தால் நடுவில் 2 அங்குலம் தூக்கி நிற்கிறது. அதைப் பார்த்ததும் எனக்கு நம்பிக்கை போய்விட்டது.

உச்சிப்புளி_வாத்தியார்
ஏப்ரல் 21

நம்பிக்கையை விட வேண்டாம் அம்மா. 8 அடிக்கு 2 அங்குல வளைவு என்பது ஒரு பெரிய வட்டத்தின் துண்டு. பலகையை நாலாக நறுக்கினால் ஒவ்வொரு 2 அடித் துண்டிலும் வளைவு பதினாறில் ஒரு பங்கு, அதாவது 2 அங்குலத்தில் பதினாறில் ஒன்று, அரைக்கால் அங்குலம்தான் மிஞ்சும். இழைப்புளி நாலு தள்ளுத் தள்ளினால் போய்விடும்.

தொய்வுக்கும் 2 அடிதான் நல்லது, வளைவுக்கும் 2 அடிதான் நல்லது. வல்லம் உங்களுக்கு நீளப் பலகை தராது, துண்டுப் பலகைதான் தரும். அதையே அளவாக வைத்து அலமாரியை வரைந்துவிடுங்கள்.

மண்டபம்_தச்சுப்பட்டறை
ஏப்ரல் 23

வாத்தியார் சொன்னது சரி. அப்பாவும் இதைத்தான் வேறு மாதிரிச் சொன்னார்: “மரம் எந்த நீளத்துல நேரா இருக்கோ அதுதான் அதோட நீளம்.”

அறுக்கும் முன் செய்ய வேண்டியது. பழைய படகுப் பலகைக்குள் ஆணி முறிந்து கிடக்கும், மேலே பார்த்தால் தெரியாது. பழைய ஸ்பீக்கரில் இருக்கிற காந்தம் ஒன்றை நூலில் கட்டிப் பலகை மேல் மெதுவாக ஓட்டுங்கள். இழுக்கிற இடத்தில் சாக்பீஸால் குறி வையுங்கள். செம்பு ஆணியைக் காந்தம் காட்டாது, அதற்குப் பச்சைக் கறைதான் அடையாளம். பலகை இடுக்கில் பஞ்சும் குங்கிலியமும் அடைத்திருப்பார்கள். அதை வெயிலில் இளகவிட்டுச் சுரண்டிய பிறகு இழைப்புளியைத் தொடுங்கள். இல்லாவிட்டால் பிசின் அலகில் ஒட்டிக்கொண்டு வேலையே நகராது.

கீழக்கரைப்_பெண்
ஏப்ரல் 24

தங்கச்சி, நான் இதே வேலையைச் செய்து கெட்டவள். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நாலு வருடம் முன்பு வாப்பாவின் பழைய தோணிப் பலகையில் ஒரு அலமாரி அடித்தோம். காய்ந்த பலகை, கனத்த பலகை, பார்க்க அவ்வளவு அழகு. அந்த வருடம் கார்த்திகை மழை தொடங்கியதும் தட்டெல்லாம் வியர்த்தது. மேலே ஒழுகவில்லை, சுவரில் ஈரம் இல்லை, ஆனாலும் தட்டைத் தொட்டால் பிசுபிசுவென்று நனைந்திருந்தது. புத்தகத்தின் அடி விளிம்பெல்லாம் பழுப்புக் கோடு. வாப்பா நாக்கில் வைத்துப் பார்த்து “உப்பு” என்றார்.

26 வருடம் கடலில் கிடந்த பலகைக்குள் எவ்வளவு உப்பு ஏறியிருக்கும்! காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாப்பாட்டு உப்பு தானாகவே ஈரத்தை இழுத்துக் கரையும். உப்பு ஜாடி மழைக்காலத்தில் நசநசப்பதும் இதனால்தான். நம் கரையில் மழை நாளில் ஈரப்பதம் அதற்குக் கீழே இறங்குவது அபூர்வம். அப்படியானால் பலகை காய்ந்துவிட்டது என்று நாம் நினைப்பதெல்லாம் கோடைக்கு மட்டும்தான் பொருந்தும்.

ஆணி கதை இன்னும் மோசம். சாதா இரும்பு ஆணி போட்டோம். உப்பும் ஈரமும் சேர்ந்து இரண்டாம் வருடமே துரு ஊதிப் பலகையைப் பிளந்துவிட்டது. கால்வனைஸ் ஆணி கொஞ்ச நாள் கூடத் தாங்கும், அவ்வளவுதான். எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) திருகே வாங்குங்கள். கடையில் 304, 316 என்று இரண்டு தரம் இருக்கும். 316-இல் மாலிப்டினம் சேர்ந்திருப்பதால் உப்புக்காற்றைக் கூடுதலாகத் தாங்கும். வீட்டுக்குள் வைக்கிற அலமாரிக்கு 304 போதும், அதுவும் பலகையை நன்றாகக் கழுவியிருந்தால் மட்டும்.

முதலில் பலகையைக் கழுவுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

தங்கச்சிமடம்_வாசகி
ஏப்ரல் 24

அக்கா, இதை எழுதியதற்கு மிகவும் நன்றி. நேற்றே அறுக்கத் தொடங்கியிருப்பேன்.

ஆனால் கழுவத் தண்ணீர்? எங்கள் தெருவில் குடிதண்ணீர் இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை வருகிறது. அதில் பலகையை ஊறப் போட்டால் அம்மா என்னை வீட்டுக்குள் விடமாட்டார். எனக்கும் மனம் ஒப்பவில்லை. போர் தண்ணீர் கரிக்கிறது.

மண்டபம்_தச்சுப்பட்டறை
ஏப்ரல் 25

கரிக்கிற போர் தண்ணீரே முதல் மூன்று தடவைக்குப் போதும். கடல்நீரில் லிட்டருக்கு 35 கிராம் உப்பு. உங்கள் போர் தண்ணீர் வாயில் வைக்க முடிகிறதென்றால் அதைவிட மிகமிகக் குறைவுதான். உப்பு அதிகமான இடத்திலிருந்து குறைவான இடத்துக்கு இறங்கும்.

இப்படிச் செய்யுங்கள். முதலில் 2 அடி 1 அங்குலமாக நறுக்கிவிடுங்கள், மரத்தில் உப்பு வேகமாக இறங்குவது அறுத்த முனை வழியாகத்தான். கொல்லையில் குழி எடுத்துத் தார்ப்பாய் விரித்து நீரை விட்டு, பலகை மிதக்காமல் மேலே கல் வையுங்கள். நாலு நாளைக்கு ஒரு தரம் நீரை மாற்றுங்கள். இறைக்கிற நீரைத் தென்னைக்கு விட்டால் வீணாகாது. கடைசித் தடவைக்கு மட்டும் நல்ல தண்ணீர். கோடை மழை வந்தால் அது உங்கள் அதிர்ஷ்டம், பலகையை எடுத்து மழையில் விரித்துவிடுங்கள்.

உச்சிப்புளி_வாத்தியார்
ஏப்ரல் 25

உப்பு இறங்கிவிட்டதா என்று நாக்கை நம்ப வேண்டாம். பள்ளி ஆய்வகத்தில் சில்வர் நைட்ரேட் கரைசல் இருக்கும். ஒரு துண்டுப் பலகையைச் சுத்தமான மழைநீரிலோ பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீரிலோ ஒரு நாள் ஊறவைத்து, அந்த நீரில் இரண்டு சொட்டு விடுங்கள். உப்பு இருந்தால் பால் போல வெளுக்கும். போர் தண்ணீரில் இந்தச் சோதனை செல்லாது, அதுவே வெளுத்துவிடும். கரைசல் கையில் பட்டால் கறுப்புக் கறை பிடித்துப் பல நாள் போகாது, கண்ணில் படவே கூடாது. பிள்ளைகள் செய்யட்டும், ஆனால் ஆசிரியர் பக்கத்தில் நிற்க வேண்டும்.

முத்துநகர்_மரக்கடை
ஏப்ரல் 27

தூத்துக்குடியிலிருந்து எழுதுகிறேன். இவ்வளவு பாடுபடுவதற்குப் பதில் துறைமுகத்துப் பேலட் பலகை வாங்கலாமே. இங்கே பழைய மரக்கடைகளில் மலிவாகக் கிடைக்கும், உப்புத் தொல்லை இல்லை, எல்லாம் நேர்ப் பலகை. ஒன்றே ஒன்று பார்க்க வேண்டும். பேலட் பக்கவாட்டில் கோதுமைக் கதிர் மாதிரி ஒரு முத்திரையும் பக்கத்தில் ஆங்கில எழுத்தும் சுட்டிருப்பார்கள். ‘எச்.டி.’ என்றிருந்தால் மரத்தின் நடுப்பகுதி வரை 56 டிகிரியில் 30 நிமிடம் சூடேற்றியது, எடுத்துக்கொள்ளலாம். ‘எம்.பி.’ என்றிருந்தால் மீதைல் புரோமைடு புகை போட்டது, வீட்டுக்குள் வேண்டாம். முத்திரையே இல்லாததும், எண்ணெயோ ரசாயனமோ சிந்திய கறை உள்ளதும் வேண்டாம்.

அப்புறம், பழைய ரயில் ஸ்லீப்பர் கட்டை கிடைத்தால் அலமாரிக்கு எடுக்காதீர்கள். அதில் கிரியோசோட் ஊறியிருக்கும். அந்த வாடையும் எண்ணெயும் வீட்டுக்குள் வரக் கூடாதவை.

தங்கச்சிமடம்_வாசகி
ஏப்ரல் 27

தகவலுக்கு நன்றி அண்ணே. பலகை குறைந்தால் பேலட் தேடுகிறேன். ஆனால் இந்த அலமாரியின் தட்டு அப்பாவின் வல்லமாகத்தான் இருக்க வேண்டும். அந்த வல்லம் சம்பாதித்துத்தான் நான் கல்லூரிக்குப் போனேன்.

சேதுக்கரைப்_பையன்
ஏப்ரல் 28

அக்கா, புத்தகம் சாயாமல் இருக்க முனையில் வைக்கக் கடல் பாறைக்கல் அருமையாக இருக்கும். கனமும் இருக்கிறது, பூப்பூவாக அழகும் இருக்கிறது. எங்கள் பக்கம் ஒதுங்கிக் கிடக்கும், வேண்டுமென்றால் கொண்டுவந்து தருகிறேன். ஒதுங்குகிற மரமும் நிறைய, புழு துளைத்தது.

கீழக்கரைப்_பெண்
ஏப்ரல் 28

தம்பி, நல்ல மனதோடு சொல்கிறாய். ஆனால் பவளப்பாறை செத்து ஒதுங்கியதாக இருந்தாலும் எடுக்காதே. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் 2001-இலேயே பவளத்தைச் சேர்த்துவிட்டார்கள், எடுப்பதும் வைத்திருப்பதும் குற்றம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. மரம் பொறுக்கக்கூடத் தீவில் கால் வைக்க முடியாது. எங்கள் ஊர்ப் பழைய வீடுகளில் கடல் கல் சுவர் பார்த்திருப்பாய். அந்தக் காலத்தில் வெட்டிய கல் எல்லாம் மீன் குடியிருந்த இடம். அதற்கான விலையை இன்று கடலுக்குப் போகிறவர்கள்தான் கொடுக்கிறார்கள்.

முட்டுக்கொடுக்க வங்குத் துண்டு போதும். கருவேல மரம், கனமாக இருக்கும், அதன் வளைவே முட்டுக்கு வாகாக அமையும்.

மண்டபம்_தச்சுப்பட்டறை
ஏப்ரல் 29

புழு துளைத்த மரம் பற்றி ஒரு வார்த்தை. கடலில் மரத்தைத் துளைக்கிற புழு நத்தை, சிப்பி இனம். தண்ணீரை விட்டு வந்தால் செத்துவிடும், வீட்டில் பரவாது. தட்டுக்கு அந்த மரம் வலுவில்லை, பக்கச் சட்டத்துக்கோ அழகுக்கோ வைக்கலாம். பொடிப்பொடியாக மாவு கொட்டுகிற மரம் வேறு. அது தரையில் இருக்கிற மர வண்டு, உயிரோடு இருக்கும், பக்கத்து மரத்துக்கும் போகும். சீமைக்கருவேல மரத்தின் வெளுப்புப் பகுதியில் இது அடிக்கடி வரும். அதனால் கருவ மரம் எடுத்தால் வெளுப்பைச் செதுக்கி எறிந்துவிட்டு வைரத்தை மட்டும் வையுங்கள். சந்தேகம் இருந்தால் போரிக் அமிலமும் வெங்காரமும் வெந்நீரில் கரைத்து, மெருகு ஏற்றும் முன் இரண்டு தடவை பூசலாம்.

தொண்டி_நூலகர்
மே 2

தாமதமாக வருகிறேன். 22 வருடம் நூலகத்தில் இருந்த அனுபவத்தில் சில சொல்கிறேன்.

பெரும்பாலான அலமாரிகள் தேவைக்கு மேல் ஆழமாக இருக்கின்றன. தமிழில் வருகிற நூல்களில் அதிகம் டெமி 1/8, அதாவது சுமார் 14 செ.மீ. அகலம், 21.5 செ.மீ. உயரம். அதற்கு அடுத்தது கிரவுன் 1/8, சுமார் 12க்கு 18. ஆழம் 8 அங்குலம் இருந்தால் போதும், 12 அங்குலம் வைத்தால் பின்னால் இன்னொரு வரிசை புத்தகம் ஒளிந்துகொள்ளும், பிறகு அதை யாரும் எடுக்க மாட்டார்கள். தட்டுக்குத் தட்டு உள்ளளவு 10 அங்குலம் வையுங்கள், கீழ்த் தட்டு மட்டும் 13. பாடநூலும் பெரிய படப் புத்தகமும் அங்கே போகும், சின்னப் பிள்ளைக்கும் அதுதான் கை எட்டும் உயரம்.

ஒரு அடித் தட்டில் சராசரியாக 20 புத்தகம் நிற்கும். 300 புத்தகத்துக்கு 15 அடித் தட்டு. 2 அடி அகலத்தில் நாலு தட்டு வைத்த அலமாரி இரண்டு செய்தால் 16 அடி கிடைக்கும். ஒரே அலமாரியாக வேண்டாம், இரண்டாகச் செய்யுங்கள். புயல் எச்சரிக்கை வந்தால் புத்தகத்தை இறக்கிவிட்டு இரண்டு பேர் தூக்கி உள்ளறைக்கு மாற்றிவிடலாம். 1964 டிசம்பரில் தனுஷ்கோடி போனதைக் கண்ணால் பார்த்தவர்கள் எங்கள் நூலகத்துக்கு வந்துகொண்டிருந்தார்கள். அவர்களிடம் கேட்டுத்தான் தூக்க முடியாத சாமான் கடற்கரை வீட்டுக்கு ஆகாது என்று கற்றுக்கொண்டேன்.

கண்ணாடிக் கதவு போட ஆசை வரும். நம் கரையில் வேண்டாம். மூடிய பெட்டிக்குள் காற்று அசையாமல் நின்று ஈரம் தங்கினால் பூஞ்சைதான் முதலில் வரும். முன்பக்கம் திறந்திருக்கட்டும், மணலும் தூசியும் வராமல் பழைய நூல் சேலையைத் திரையாகத் தொங்கவிடுங்கள், வாரம் ஒரு முறை உதறுங்கள். சுவரோடு ஒட்டவே கூடாது, 2 அங்குலம் விட வேண்டும். கடலைப் பார்த்த சுவரைத் தவிர்த்து உள்சுவரில் வையுங்கள்.

இராமபாணப் பூச்சிக்கு வசம்புத் துண்டும் காய்ந்த வேப்பிலையும் வைப்பது பழைய வழக்கம். அதைவிட, மாதம் ஒரு முறை புத்தகத்தை எடுத்துத் தட்டி வைப்பதில்தான் எனக்கு நம்பிக்கை. ஆள் எடுத்துப் படிக்கிற புத்தகத்தில் பூச்சி குடியிருக்காது.

மண்டபம்_தச்சுப்பட்டறை
மே 6

நூலகர் ஐயாவின் அளவை வைத்து அப்பா ஒரு வரைபடம் சொன்னார். எழுத்திலேயே தருகிறேன்.

பக்கத்துக்குப் பலகை வேண்டாம். பனங்கையைக் காலாக நிறுத்துங்கள். ஒரு அலமாரிக்கு நாலு கால், இரண்டுக்கு எட்டு, ஒவ்வொன்றும் 54 அங்குலம். உங்கள் 14 பனங்கையில் இது தாராளமாக முடியும். முன்கால் பின்கால் இரண்டையும் சேர்த்து ஏணிப்படி மாதிரிக் குறுக்குச் சட்டம் ஐந்து. அந்தச் சட்டத்தின் மேல் பலகை உட்கார வேண்டும். அப்போது சுமை திருகில் நிற்காது, மரத்தின் மேல் மரமாக நிற்கும். மேல் பலகையோடு சேர்த்து ஒரு அலமாரிக்கு ஐந்து பலகை.

பனையின் குணத்தைத் தெரிந்து வேலை செய்ய வேண்டும். வெளிப்பக்கம் கறுத்த வைரம், ஆணியே இறங்காது. உள்ளே சோறு, திருகு பிடிக்காது. இரண்டுக்கும் சேர்த்து ஒரே வழி, கால் அங்குல எஸ்.எஸ். போல்ட்டைக் குறுக்கே முழுதாகச் செலுத்தி இரண்டு பக்கமும் வாஷர் வைத்து முடுக்குவது. துளையை முதலில் சின்ன பிட்டில் போட்டு அப்புறம் பெரிதாக்குங்கள். நேராகப் பெரிய பிட் போட்டால் நார் பிளந்து போகும். பனஞ்சிலாம்பு விரலில் ஏறினால் சீழ் வைக்காமல் விடாது. ஆகவே கையுறை போடுங்கள், உப்புத்தாள் போட்டு மழுக்காத கால் பிள்ளைகள் நடமாடும் வீட்டுக்குள் வரக் கூடாது. அறுத்த முனை இரண்டிலும் மெழுகோ அரக்கோ தடவி அடைத்துவிடுங்கள், சோற்றுப் பகுதி வழியாகத்தான் கறையானும் ஈரமும் ஏறும்.

முதுகுக்கு எதுவும் அடிக்க வேண்டாம். ஆனால் பின்னால் இரண்டு மூலைவிட்டச் சட்டம் பெருக்கல் குறி மாதிரிப் போட வேண்டும், இல்லாவிட்டால் அலமாரி பக்கவாட்டில் ஆடிக்கொண்டே இருக்கும்.

தங்கச்சிமடம்_வாசகி
மே 7

முதுகுக்குப் பழைய நைலான் வலை கட்டலாமா? புத்தகம் பின்னால் விழாது, காற்றும் போகும்.

தொண்டி_நூலகர்
மே 7

தாராளமாக. நன்றாக அலசிக் காயவைத்துவிட்டு இழுத்துக் கட்டுங்கள்.

கீழக்கரைப்_பெண்
மே 9

வண்ணம் பற்றி யாரும் பேசவில்லை. தங்கச்சி, பலகையில் பழைய பெயின்ட் இருக்கிறதா?

தங்கச்சிமடம்_வாசகி
மே 9

இருக்கிறது அக்கா. வெளிப்பக்கம் நீலம், அதற்கடியில் பச்சை, அதற்கும் அடியில் ஏதோ சிவப்பு. அணியத்துப் பலகையில், அதாவது வல்லத்தின் முன்பக்கப் பலகையில், வல்லத்தின் எண்ணும் அப்பா கையாலேயே எழுதிய அப்பத்தா பெயரும் இருக்கிறது. அதை மட்டும் இழைக்க மாட்டேன்.

உச்சிப்புளி_வாத்தியார்
மே 10

அந்த அடிச்சிவப்பில் ஈயம் இருக்கலாம். வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் 90 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 90 பங்கு) தாண்டக் கூடாது என்ற விதி நம் நாட்டில் நடைமுறைக்கு வந்ததே 2017 நவம்பரில்தான். அதற்கு முந்தைய பூச்சு எதையும் நம்ப முடியாது, படகுக்கு அடிக்கிற பெயின்ட் அந்த விதிக்குள் வராது. ஈயத் தூசி பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். உலர்ந்த பலகையில் உப்புத்தாள் போடவே கூடாது. நனைத்து, நனைத்துச் சுரண்டி, கீழே தார்ப்பாய் விரித்து, சுரண்டியதை அள்ளிக் கட்டி அப்புறப்படுத்துங்கள். பிள்ளைகள் அந்தப் பக்கம் வர வேண்டாம். சுரண்டியதை எரிக்கவும் கூடாது.

கீழக்கரைப்_பெண்
மே 10

பெயர் எழுதிய பலகையை மேல் பலகைக்கும் மேலே, பிள்ளைகள் கை எட்டாத இடத்தில் வையுங்கள். பெயின்ட் உதிராமல் அரக்கு மெருகு மூன்று தடவை. அந்த எழுத்தை இழைத்துவிட்டால் திரும்ப வராது, நீங்கள் சொல்வதுதான் சரி.

மீன் எண்ணெய் வாடை வந்தாலும் அரக்குதான் மருந்து. முதலில் சலவைச் சோடா போட்ட வெந்நீரில் தேய்த்துக் கழுவுங்கள். வேப்பெண்ணெய், தேங்காயெண்ணெய் இரண்டையும் தட்டில் பூச வேண்டாம். அவை காயாது, புத்தகத்தில் ஏறும். ஆளிவிதை எண்ணெய் காயும், ஆனால் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயவைத்து எறியுங்கள்.

தங்கச்சிமடம்_வாசகி
ஜூன் 30

இரண்டு மாதக் கணக்கு. 13 பலகை நறுக்கினோம். இரண்டில் உள்ளே ஆணி அரித்து ஓட்டை, ஒதுக்கிவிட்டோம். போர் தண்ணீர் ஐந்து தடவை, நல்ல தண்ணீர் ஒரு தடவை. நடுவில் ஒரு இரவு நல்ல மழை, அப்பாவே எழுந்து போய்ப் பலகையை விரித்தார். பக்கத்துப் பள்ளியில் வாத்தியார் சொன்ன சோதனை செய்தோம். முதல் ஊறலில் எடுத்த நீர் பால் மாதிரி ஆனது, கடைசி நீரில் லேசான புகை போலத்தான்.

இப்போது நிழலில் ரீப்பர் வைத்து அட்டி போட்டிருக்கிறோம். காய்ந்ததா என்று எப்படித் தெரிவது?

மண்டபம்_தச்சுப்பட்டறை
ஜூலை 1

ஒரு பலகையை வாரம் ஒரு தடவை நிறுங்கள். எடை மூன்று வாரம் ஒரே மாதிரி நின்றால் காய்ந்தது. அட்டியின் மேல் கல்லை ஏற்றி வையுங்கள், திருகிக்கொள்ளாது.

தங்கச்சிமடம்_வாசகி
ஆகஸ்ட் 24

மீன் நிறுக்கிற தராசிலேயே நிறுத்தோம். 3 கிலோ 150 கிராம் இருந்த பலகை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து 2 கிலோ 300-இல் நின்றது. அதற்குப் பிறகு மூன்று வாரம் அசையவில்லை.

அலமாரி இரண்டும் நிற்கிறது. கால் பனை, தட்டு அயினி, முதுகு அப்பாவின் பழைய நண்டு வலை. மொத்தச் செலவு 2740 ரூபாய், அதில் பாதிக்கு மேல் போல்ட்டுக்கும் திருகுக்கும்தான். அப்பத்தா பெயர் எழுதிய அணியத்துப் பலகை வலது அலமாரியின் மேல் பலகையாகவே உட்கார்ந்துவிட்டது. எங்கள் சுவர் சுண்ணாம்புச் சுவர், பிளக் பிடிக்கவில்லை, ஆகவே பிள்ளைகள் ஏறினால் கவிழாமல் இருக்க இரண்டையும் சன்னல் கம்பியோடு நைலான் கயிற்றால் கட்டியிருக்கிறோம். காலுக்கு அடியில் தகரக் கிண்ணம், அதில் கொஞ்சம் தண்ணீரும் மண்ணெண்ணெயும்.

கட்டிலுக்கு அடியில் இருந்தபோது என்னென்ன வைத்திருக்கிறோம் என்றே மறந்துபோயிருந்தது. நேற்று மாலை எதிர்வீட்டுப் பிள்ளைகள் நாலு பேர் கீழ்த்தட்டு முன்னால் உட்கார்ந்துவிட்டார்கள். அப்பா திண்ணையில் இருந்து பார்த்துக்கொண்டே இருந்தார், ஒன்றும் சொல்லவில்லை.

தொண்டி_நூலகர்
ஆகஸ்ட் 24

மனம் நிறைந்தது அம்மா. யார் எதை எடுத்துப் போகிறார்கள் என்று ஒரு நோட்டுப் போட்டு வையுங்கள்.

கீழக்கரைப்_பெண்
நவம்பர் 12

தங்கச்சி, ஒரு வாரமாக இங்கே அடைமழை. தட்டைத் தொட்டுப் பார்த்தீர்களா?

தங்கச்சிமடம்_வாசகி
நவம்பர் 13

பார்த்தேன் அக்கா. ஒன்பது பலகை காய்ந்தே இருக்கிறது. இடது அலமாரியில் இரண்டாம் தட்டு மட்டும் ஒரு முனையில் பிசுபிசுக்கிறது. அப்பாவிடம் காட்டினேன், அது ஏராவை (வல்லத்தின் அடிக்கட்டை) ஒட்டி அடியில் இருந்த பலகை என்றார். அதுதான் 26 வருடமும் தண்ணீருக்குள்ளேயே இருந்தது.

மண்டபம்_தச்சுப்பட்டறை
நவம்பர் 13

கனத்த பலகையா?

தங்கச்சிமடம்_வாசகி
நவம்பர் 13

ஒன்றேகால் அங்குலம். மற்றதெல்லாம் முக்காலும் ஒன்றும்.

மண்டபம்_தச்சுப்பட்டறை
நவம்பர் 13

அதுதான் காரணம். கனத்த பலகைக்கு உள்ளேயிருந்து உப்பு இறங்க இன்னும் நாள் வேண்டும். குறுக்குச் சட்டத்தின் மேல்தானே உட்கார்ந்திருக்கிறது, இரண்டு திருகைக் கழற்றினால் பலகை வந்துவிடும். மெருகைச் சுரண்டிவிட்டு இந்த மழையிலேயே வெளியே போடுங்கள். இவ்வளவு நல்ல தண்ணீர் இனி அடுத்த வருடம்தான்.

தங்கச்சிமடம்_வாசகி
நவம்பர் 14

கழற்றியாகிவிட்டது. அந்தத் தட்டுப் புத்தகமெல்லாம் இப்போது என் கட்டில் மேல் இருக்கிறது. பலகை முற்றத்தில் கிடக்கிறது. ஒரு பக்கம் மட்டும் நனையக் கூடாது என்று அப்பா குடையோடு போய் மணிக்கு ஒரு தடவை திருப்பிப் போட்டுக்கொண்டிருக்கிறார்.